எண்ணுவதற்கும் ஒரு விலை

மக்களை எண்ணும்போது இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அரைச்சேக்கல் வெள்ளி தர வேண்டும் என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். பணக்காரர் கூட்டித் தரக்கூடாது, ஏழை குறைத்துத் தரக்கூடாது. பின்னாளில் தாவீது அரசரும் வாளேந்தும் ஆண்களை எண்ணினார். அதற்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டதாக விவிலியம் சொல்கிறது. ஒரே செயல், ஓரிடத்தில் கட்டளை, இன்னோரிடத்தில் பாவம். யாருக்காக, எந்த முறையில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே அது அறமாகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்களை எண்ணுவது பணப் பிரச்சினையும்கூட. 1969 முதல் அங்கே மாநில வருமான வரியில் ஒரு பகுதியை நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் மக்கள்தொகைப்படி பிரித்துத் தருகிறார்கள். கணக்கெடுப்போ பத்தாண்டுக்கு ஒருமுறை. சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள பிளெயின்ஃபீல்டில் 2000இல் 13,038 பேர். 2010இல் 39,581 பேர். இடையில் குடிவந்தவர்களுக்கும் சாலை வேண்டும், போலீஸ் வேண்டும். வரிப்பங்கில் மட்டும் அவர்கள் இல்லாதவர்கள்.

வழி இருக்கிறது. ஊர் கேட்டால், ஊரின் செலவில், மத்திய கணக்கெடுப்புத் துறை இடையிலேயே வந்து எண்ணித் தரும். முழு ஊரையும் எண்ண வேண்டியதில்லை. புது வீடுகள் எழுந்த பகுதிகள் மட்டும் போதும். ஆட்கள் போய்விட்ட பழைய தெருக்களை விட்டுவிடலாம்.

உறுத்துவது இதுதான். பிரிக்கும் தொகை ஒன்றே. ஓர் ஊரின் எண்ணிக்கை கூடினால் மற்ற ஊர்களின் பங்கு குறையும். அதே மாநிலத்தின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் 2010இல் 27,006 பேர் இருந்தார்கள். 2020இல் 18,469 பேர்தான். ஆட்கள் போனார்கள் என்பதற்காகச் சாக்கடைக் குழாயின் நீளம் குறைந்துவிடாது. பழைய எண்ணிக்கையின் தயவில் அந்த ஊருக்கு அடுத்த கணக்கெடுப்புவரை சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. அது நேரான ஏற்பாடு அல்லதான். ஆனால், தனக்கு வேண்டிய தெருக்களை மட்டும் எண்ணிக்கொள்ளும் ஊர் அதைக் குறைசொல்ல முடியாது.

அரைச்சேக்கலின் நியாயப்படி, எண்ணிக்கைக்குள் வர எல்லோருக்கும் ஒரே விலை. இன்றோ செலவழிக்க முடிந்த, செலவழித்தால் லாபம் வரும் ஊர்தான் தன் மக்களை எண்ண வைக்கிறது. பத்தாண்டுக்கு இடையிலும் எல்லா ஊர்களையும் ஒரே நாளில், பொதுப்பணத்தில் எண்ண வேண்டும். தேய்ந்துபோன ஊருக்கு உதவி தேவையென்றால், அந்தத் தேவையைச் சொல்லியே கொடுக்கலாம். வெளியேறியவர்களின் பெயரில் கொடுக்க வேண்டாம்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. 1985இலும் அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறையும் இடைக்காலக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் 1976இல் சட்டமே இயற்றியது. அதற்கான பணத்தை மட்டும் ஒதுக்கவில்லை. 1985, 1995, 2005, 2015, 2025 என ஐந்து முறை அந்த ஆண்டு வந்துபோனது. ஒருமுறைகூடக் கணக்கெடுப்பு நடக்கவில்லை.