அடக்கம் என்னும் பெயரில்

இல்லத்தில் நிகழ்வது இல்லத்தோடு அமைதல் வேண்டும் என்பது தமிழ்ச் சமுதாயத்தின் நெடுங்காலக் கொள்கை. ஆயின், கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களின் பழைய லயங்களில், ஒற்றை அறையில் உண்டு உறங்கிப் பயிலும் பதின்பருவப் பெண்ணுக்குத் தந்தை தாயை அடிப்பது செவிவழிச் செய்தியன்று. அவளது புத்தகத்துக்கு இரு முழத் தொலைவில் நிகழ்வது. நகரத்து வீடுகளில் கதவுகள் உள. அடியோசை அவற்றையும் கடக்கும்.

அடி அவளுடலில் விழாதிருக்கலாம். எனினும் உறக்கமின்மை, ஓயாத தலைவலி, இடையறா அச்சம், தன்னையே குற்றவாளியாக எண்ணுதல் என அது அவளிடம் வந்து சேர்கின்றது. அறவினா எழுவது இவ்விடத்திலேதான். வகுப்பில் வாய்திறவாத அவளை 'அடக்கமான பிள்ளை' எனப் பாராட்டுகின்றனர். (ஆண்பிள்ளை மௌனித்தால் காரணம் வினவப்படுகின்றது.) அச்சத்தின் விளைவை நற்குணமெனக் கொள்ளும் சமுதாயம், அச்சுறுத்தியவனுக்கே துணைநிற்கின்றது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனத்துக்கு இழைக்கப்படும் கடுங்கொடுமையையும் வன்முறையாகவே கொள்கின்றது. ஆனால் பிள்ளையின் பொருட்டு நீதவான் நீதிமன்றை நாடுதற்குப் பெரும்பாலும் பெற்றவளே முன்வரவேண்டியுள்ளது. அவளோ அடிபடுபவள், தோட்ட வேலையோடு பிணைந்த லயக்காம்பிராவை விட்டு எங்கே செல்வாள்? அவளிடம் துணிவை வேண்டுவோர் தம் கடமையை அவள் தலையில் ஏற்றுகின்றனர். அயலவரும் ஆசிரியரும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.