நாமம் போட்ட பூனை

வாயில் இறால், நெற்றியில் நாமம், கழுத்தில் துளசிமாலை. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயிலருகே விற்ற படங்களில் பெயர் பெற்றது இந்தப் பூனை. வெளியே சைவ உணவுக்காரராகவும் மறைவில் வேறாகவும் வாழ்ந்த போலி வைணவர்மீதான கேலி அது. காளிகாட்டில் பட்டுவா ஓவியர்கள் தூரிகையால் வரைந்தனர். வடகல்கத்தாவின் பட்டாலா வட்டாரத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டனர். ஒரே கட்டையில் பல படிகள் எடுக்கலாம், விலையும் மலிவு. எழுத்தறியாதவரிடமும் விமர்சனம் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய படங்களுக்கு 1873-இல் பெரிய கரு கிடைத்தது. தாரகேஸ்வர் சிவன் கோயிலின் மகந்த் (மடத்தலைவர்) மாதவ்சந்திர கிரிக்கும் எலோகேஷி என்ற இளம்பெண்ணுக்கும் தொடர்பிருப்பதை அறிந்த கணவர் நபீன், அவளை அரிவாள்மணையால் வெட்டிக் கொன்றார். மகந்துக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. மடத்தில் வணங்கப்பட்டவர் சிறையில் செக்கிழுப்பதைப் படங்கள் காட்டின.

1917-இல் வெளியான, ஓவியர் ககனேந்திரநாத் தாகூரின் கல்லச்சுப் படங்களில் குறி மாறியது. தனியொரு குற்றவாளியை விட்டு, சாதியை மனிதரை அரைக்கும் எந்திரக்கல்லாகவும் புரோகிதத்தைக் காசுக்கு விற்கப்படும் ஆசியாகவும் அவர் வரைந்தார்.

இந்தக் கேலி மதத்தை மறுப்பதாகுமா? நாமத்துக்கு மதிப்பில்லாத ஊரில் பூனையின் நெற்றி நாமம் சிரிப்பூட்டாது. துறவு உயர்ந்தது என்று நம்புகிறவருக்கே மகந்தின் வீழ்ச்சி உறைக்கும். ஆக, கேலி தன் அளவுகோலை நம்பிக்கையிடமிருந்தே பெறுகிறது.

தமிழகத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. திருக்குறள் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, போலித் துறவியைப் புலித்தோல் போர்த்து மேயும் பசுவுக்கு ஒப்பிடுகிறது. மாமல்லபுரத்தின் அருச்சுனன் தபசுப் பாறையில், முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவமிருக்கிறது ஒரு பூனை; காலடியில் எலிகள். தவத்தைப் போற்றும் சிற்பத்திலேயே போலித் தவத்துக்கும் இடமிருக்கிறது. வைணவ ஆசாரியர் ராமானுஜரின் வரலாற்றிலும் இத்தகைய கண்டனம் வருகிறது. பிராமணரல்லாத அடியார் திருக்கச்சி நம்பி உண்டுபோன இடத்தை, நம்பியின் சாதி கருதி ராமானுஜரின் மனைவி கழுவித் தூய்மை செய்ததும், ராமானுஜர் அதற்கு வருந்தியதும் வைணவ குருபரம்பரை நூல்களே சொல்லும் செய்தி.

எனினும் படத்துக்கு எல்லை உண்டு. அடையாளத்தைப் பெரிதாக்கினால்தான் கேலி புரியும். அதே அடையாளத்தைத் தரித்த நேர்மையாளரும் அதில் அடிபடுவார். எலோகேஷி படங்கள் சில, கொலையுண்டவளையே மயக்குக்காரியாகக் காட்டின. மகந்தின் பாவத்தைத் தோலுரித்தவர்கள் பெண்மீதான தங்கள் தீர்ப்பைச் சோதிக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லும் செயலும் முரண்படும் இடத்தைக் காட்டும்வரை கேலிப்படம் அறத்தின் பக்கம் நிற்கும். வேடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்தால், அது தான் பழிக்கும் பிழையையே செய்கிறது.