கணக்கில் வராத இடம்

சம்பளம் உண்டு, ஜெர்சி உண்டு, காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் எடை தூக்க வேண்டும், மதியம் மோத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மட்டும் இறங்கக் கூடாது. திறமை போதவில்லை என்பதால் அல்ல, விதி அப்படி. இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்பது ஈசாக் அலார்கோனைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அலார்கோன் மெக்சிகோக்காரர், 1998இல் பிறந்தவர். டெக் டி மோன்டெர்ரேய் பல்கலைக்கழகத்தின் போர்ரேகோஸ் சால்வாஹெஸ் அணிக்கு ஆடியவர். மெக்சிகோவில் அமெரிக்கன் ஃபுட்பாலா என்று நமக்குத் தோன்றலாம். அங்கே அது பல தலைமுறையாகக் கல்லூரிகளில் வேரூன்றிய விளையாட்டு. 1994 ஆகஸ்டில் டல்லாஸ் கவ்பாய்ஸும் ஹூஸ்டன் ஆய்லர்ஸும் மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானத்தில் ஆடியது புள்ளிக் கணக்கில் சேராத ஒத்திகை ஆட்டம்தான். அதைப் பார்க்க வந்தவர்கள் 1,12,376 பேர்.

அந்த டல்லாஸுக்குத்தான் 2020இல் அலார்கோன் போனார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கென்று என்எஃப்எல் வைத்திருக்கும் திட்டம் வழியாகப் போனார். அப்போதைய ஏற்பாடு இது: வருடத்துக்கு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள நான்கு அணிகளுக்கும் தலா ஒரு வெளிநாட்டவரைக் கொடுப்பார்கள். அணியின் 53 பேரிலும் அவர் சேர மாட்டார், பயிற்சிக் குழுவின் எண்ணிக்கையிலும் சேர மாட்டார். கூடுதல் ஆள். அதற்கு விலையாக, அந்த சீசன் முடியும்வரை அவரை ஆட்டத்தில் இறக்கக் கூடாது. ஆகஸ்ட் மாத ஒத்திகை ஆட்டங்களில் வேண்டுமானால் ஆடலாம். செப்டம்பர் பிறந்தால் அவர் கணக்கில் இல்லை.

பயிற்சிக் குழு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு மோதப்போகும் எதிரணி எப்படி நிற்கும், எப்படிப் பாயும் என்பதை வாரம் முழுக்க அவர்கள் நடித்துக் காட்டுவார்கள். இந்த வாரம் ஓர் அணியின் முரட்டு ஆள், அடுத்த வாரம் இன்னோர் அணியின் வேகமான ஆள். நம் ஆள் தன் அணிக்காகச் செய்யும் வேலையே எதிராளியாக இருப்பதுதான். நன்றாகச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கப்போகிறவர் இன்னொருவர். புள்ளிவிவரப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

2023இல் இன்னொரு திருப்பம். தாக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தவரைத் தடுக்கும் வரிசைக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெரிய உடம்புகள்தான். ஆனால் தாக்கும் வரிசைக்காரரின் வேலை, பெயர் எப்படியிருந்தாலும், காவல் காப்பது. பின்னால் அடியெடுத்து வைத்து, குவார்ட்டர்பேக்குக்கும் வருகிறவனுக்கும் நடுவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். தடுக்கும் வரிசைக்காரர் அந்தக் காவலை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வருடக்கணக்கில் பின்வாங்கப் பழகிய இடுப்பு, இனி முதல் நொடியிலேயே முன்னால் பாய வேண்டும். கதவைப் பூட்டுவதில் கைதேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பூட்டை உடைக்கிற வேலை உனக்கு என்று சொல்வது மாதிரி.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. ஆட்டமே இல்லாத பயிற்சியைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா?

அரிஸ்டாட்டில் மெட்டாஃபிசிக்ஸில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பார்ப்பது என்பது செய்யும்போதே முழுமையடைந்துவிடும் செயல். ஒன்றைப் பார்க்கும்போதே அதைப் பார்த்தும் ஆகிவிட்டது. வீடு கட்டுவது அப்படியில்லை. கட்டிக்கொண்டிருக்கும்வரை வீடு இல்லை, வீடு வந்தால் கட்டுவது முடிந்துவிடும். அலார்கோனின் புதன்கிழமை இதில் எது? எனக்கு இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. கை எதிராளியின் மார்புக்கவசத்தில் சரியான இடத்தில் பதிந்து, அவன் எடை ஒரு கணம் தடுமாறும்போது, அந்தக் கணம் எந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவும் காத்திருக்கவில்லை. அது அப்போதே முழுமை. ஆனால் அந்தப் புதன்கிழமை நடப்பதே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதால்தானே? வருடக்கணக்கில் ஒரு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறவர்களை நம் எல்லாருக்கும் தெரியும். படிப்பே ஒரு சந்தோஷம்தானே என்று அவர்களிடம் யாராவது சொன்னால் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும்.

பலனைப் பற்றி நினைக்காமல் கடமையைச் செய் என்கிற ஆறுதல் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். அதை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அதே வாக்கியத்தைப் பலனை வாங்கிக்கொள்கிறவர் சொல்லும்போதுதான் இடிக்கிறது. இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அந்த வருடங்களில் அவர் வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்ததா என்பது ஒன்று. அதற்கு அவர்தான் பதில் சொல்ல முடியும், அவர் சிரித்துக்கொண்டே “இருந்தது” என்றால் அதோடு முடிந்தது. அந்த ஏற்பாடு நியாயமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து இரண்டாவதை மூடிவிட முடியாது.

நியாயத்தின் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2020இல் பயிற்சிக் குழு ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் வாரத்துக்கு 8,400 டாலர். அவர் சம்மதித்துத்தான் போனார். விலக்கு இல்லையென்றால், பக்குவப்படாத வெளிநாட்டவருக்காக ஓர் இடத்தை எந்த அணியும் வருடக்கணக்கில் ஒதுக்கிவைக்காது. கதவே இல்லாத அறையும் அல்ல அது. எஃபே ஒபாடா என்று ஒரு தடுப்பாட்டக்காரர். நைஜீரியாவில் பிறந்து, சிறுவயதில் பிரிட்டனுக்குக் கடத்திக்கொண்டுவரப்பட்டுக் கைவிடப்பட்டவர். 2017இல் கரோலைனா பேந்தர்ஸில் இதே விலக்கு இடத்தில் உட்கார்ந்திருந்தார். 2018இல் 53 பேரில் ஒருவராகி, செப்டம்பரில் சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கையும் வீழ்த்தினார், பந்தையும் பறித்தார்.

சரிதான். ஆனாலும் உடம்பு ஒன்று இருக்கிறதே. இந்த விளையாட்டில் மூளைக்கு வரும் நாள்பட்ட சேதம், மயக்கம் போட்டு விழவைக்கும் பெரிய அடியால் மட்டும் வருவதில்லை. வருடக்கணக்கில் சேரும் சின்னச் சின்ன மோதல்களோடும் அதற்குத் தொடர்புண்டு. வரிசையில் நிற்பவர்களுக்கு மோதல் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நடக்கிறது. மண்டைக்குள் இருப்பது, இது பயிற்சி, இது ஆட்டம் என்று இரண்டு நோட்டுப்புத்தகம் வைத்திருப்பதில்லை. ஆபத்தில் அவர் முழுக் கணக்கு. ஆட்டத்தில்தான் கணக்கில் இல்லை.

சந்தையும் இருக்கிறது. டல்லாஸுக்கு மெக்சிகோவில் ரசிகர்கள் ஏராளம். 2022இலிருந்து மெக்சிகோவில் வணிகம் செய்யும் உரிமையை என்எஃப்எல் சில அணிகளுக்குக் கொடுத்தது, டல்லாஸ் அதில் ஒன்று. ஒரு மெக்சிகோ இளைஞர் அந்த ஜெர்சியில் நிற்கும் புகைப்படத்துக்கு மதிப்பு உண்டு. அதற்கு அவர் ஆட வேண்டியதில்லை, நின்றால் போதும். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று காண்ட் சொன்னதில் ‘வெறும்’ என்கிற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். நாம் எல்லாருமே யாருக்கோ கருவிதான், அதில் தப்பில்லை. அந்த மனிதரின் சொந்த நோக்கத்துக்கு அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விளையாட வந்தவரின் நோக்கம் விளையாடுவது. டிசம்பரில் முன்வரிசையில் இரண்டு பேருக்கு முழங்கால் போய், அவர் தயாராக நிற்கும்போதும் இறங்க முடியாது என்றால், அங்கே ‘வெறும்’ வந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். காலம் கொடுத்தது நல்ல விஷயம். அதற்குப் பூட்டு எதற்கு?

லீகுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும், அல்லது சந்தைக்கு வேறு கணக்கு வந்திருக்க வேண்டும். 2024இல் விதியை மாற்றினார்கள். 32 அணிகளுக்கும் பயிற்சிக் குழுவில் 17ஆவதாக ஒரு வெளிநாட்டவர் இடம். அவரை ஒரு சீசனில் மூன்று ஆட்டங்கள் வரை மேலே கூப்பிடலாம். நான்காவது ஆட்டத்திலும் வேண்டுமென்றால், அந்த 53 பேரில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு அவரை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும்.