குடிப்பவருக்கு மட்டுமா பொறுப்பு?

மதுவை விட்டுவிட்டு மீண்டும் அதில் விழும் ஒருவரைக் கண்டால், "மனக்கட்டுப்பாடு இல்லாதவர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது எம்மவர் வழக்கம். மனம் உறுதியாக இருந்தால் உடல் அடங்கும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் மனம் அறியாமலே உடல் சிலவற்றைக் கற்றுக்கொள்கிறது என்றால் அந்தத் தீர்ப்பு நியாயமானதா? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

உணவுக்கு முன் வழமையாகக் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் காட்டியதை நாம் பாடசாலையில் படித்திருக்கிறோம். இந்தக் கற்றல் உமிழ்நீரோடு நிற்பதில்லை. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேர்ட் ஏடர், நிக்கலஸ் கோகன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்பு நீரைப் பருகக் கொடுத்து, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தொன்றையும் ஊசி மூலம் ஏற்றினர். பின்னர் மருந்து இல்லாமல் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் அவற்றின் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தது. நீரில் நஞ்சில்லை. ஆனால் உடல் அந்தச் சுவையையும் மருந்தையும் ஒன்றாகவே பதிந்து வைத்திருந்தது. மனிதரிடத்தும் இவ்வாறு நிகழ்வதை 2002இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் காட்டினர்.

இனி மதுவுக்கு வருவோம். நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பது நோயெதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தி, நியூமோனியா போன்ற நோய்களுக்கு வழிவிடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. மது எலிகளின் உடல் வெப்பத்தையும் குறைக்கும். 1979இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்குக் குறிப்பிட்ட ஓரிடத்திலேயே திரும்பத் திரும்ப மது ஏற்றப்பட்டது. நாளடைவில் அந்த இடத்தில் அவற்றின் வெப்பம் அவ்வளவாகக் குறையவில்லை. வேறிடத்தில் அதே அளவு மதுவை ஏற்றியபோது கூடுதலாகக் குறைந்தது. பழகிய இடத்தில் வெறும் உப்புநீரை ஏற்றியபோதோ வெப்பம் உயர்ந்தது! மது வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே தயாராகிவிட்டது. இத்தகைய முன்னேற்பாடே குடிப்பவருக்கு வேட்கையாகத் தோன்றுகிறது என்பது அறிஞர் பலரின் கருத்து.

அப்படியானால் குவளையின் ஓசை, மதுவின் மணம், வழமையான நண்பர் கூட்டம் யாவும் உடலுக்கு அழைப்புகளே. குடிப்பதை விட்டவர் தம் மனத்தோடு மட்டும் போராடவில்லை. தாம் விரும்பிக் கற்காத ஒரு பாடத்தோடும் போராடுகிறார்.

சைவ சித்தாந்தம் இதற்கு நெருங்கிய ஒன்றை வாசனாமலம் என்று கூறும். பெருங்காயத்தை எடுத்த பின்னும் பாண்டத்தில் அதன் மணம் நிற்பதுபோல, மலம் நீங்கிய பின்னும் பழக்கத்தின் வாசனை நிற்கும். அதற்கு மருந்து என்ன? சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரோடு கூடியிருப்பதையும் ஆலய வழிபாட்டையும் சொல்கிறது. முத்தி நிலை எய்தியவருக்கே நல்ல கூட்டம் வேண்டும் என்றால், சாதாரண மனிதரைத் தனியே விட்டுவிட்டுக் குறைகூறுவது எப்படித் தகும்?

குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. உடல் கற்றதைத் தளர்த்தவும் முடியும். ஓசை கேட்டும் உணவு வராதபோது நாயின் உமிழ்நீர் நாளடைவில் குறைந்தது. ஆனால் சிலகாலம் கழித்து அது மீண்டும் தலைகாட்டுவதையும் பவ்லோவ் கண்டார். ஆகவே முயற்சி அவருடையது. அதற்கேற்ற சூழலை அமைப்பது நம்முடையது.

கணக்கு எழுதுவோர் அறிவர்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. பிறந்தநாள் விழாவிலும் திருமண வரவேற்பிலும் மதுவுக்கென்று தனி மேசை போடுகிறோம். "இன்றைக்கு மட்டும், எனக்காக ஒன்று" என்று வற்புறுத்துகிறோம். மறுப்பவரைக் கேலி செய்கிறோம். மறுநாள் அவர் வீட்டில் அழும் மனைவி பிள்ளைகளுக்காக இரங்குகிறோம். பற்று முழுவதையும் அவர் பெயரில் எழுதிவிட்டு நமது பக்கத்தை வெறுமையாக விடுவது நேர்மையான கணக்கன்று.

அடுத்த கொண்டாட்டத்தில் அந்த மேசை இல்லாமல் விருந்தினரை உபசரித்துப் பார்ப்போமே! வேண்டாம் என்பவரை ஒருமுறைக்கு மேல் கேளாமல் விடுவோம். ஐஸ் எடுத்துவரப் பிள்ளைகளை அனுப்பாதிருப்போம். அவர்களின் உடலும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.