பார்வை மான்

ஒருவர் சொல்லப்போகும் சாட்சியத்தைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவரின் உயிரைப் பணயம் வைக்கலாமா? இந்தக் கேள்வியோடு நாம் பெரிய தத்துவ நூல்களிடம்தான் போகவேண்டும் என்றில்லை. 1952ல் வெளியான ‘தி நறோ மார்ஜின்’ என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்.கே.ஓ. நிறுவனம் குறைந்த செலவில் தயாரித்த படம். இயக்கியவர் றிச்சார்ட் பிளெய்ஷர். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் படப்பிடிப்பு முடிந்திருக்கிறது. ஓடும் நேரம் 71 நிமிடங்கள். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பின்னணி இசைகூட இல்லை. ரயிலின் இரைச்சலே இசையாகிவிடுகிறது. கதையின் பெரும்பகுதி ரயிலின் ஒடுங்கிய நடைபாதையிலும் சின்னஞ்சிறு அறைகளிலும் நடக்கிறது. காசில்லாததால் வந்த இந்தச் சிக்கனம் கதைக்குப் பொருந்திவிட்டது. ஒளிக்கவும் இடமில்லை, ஓடவும் இடமில்லை என்ற நிலையைச் செலவு செய்து காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை.

கதை இதுதான். கொல்லப்பட்ட ஒரு குற்றக்கும்பல்காரனின் மனைவி, சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குப் போய் நடுவர் குழுவின் முன் சாட்சி சொல்லவேண்டும். கும்பலிடம் கையூட்டு வாங்கியவர்களின் பெயர்கள் அவளுக்குத் தெரியும். அவளைக் கூட்டிச்செல்ல பிறவுண், போர்ப்ஸ் என்ற இரு பொலிஸ்காரர்கள் வருகிறார்கள். அவள் இருந்த வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது அவளுடைய மாலை அறுந்து மணிகள் கீழே உருள்கின்றன. அங்கே பதுங்கி நின்றவனின் துவக்குச் சூட்டில் போர்ப்ஸ் இறந்துபோகிறான். பிறவுண் அவளோடு ரயிலேறுகிறான். கூலிக்கொலையாளிகளும் ஏறுகிறார்கள். அவர்களுக்கு அவளுடைய முகம் தெரியாது. படத்தின் பதற்றமெல்லாம் இந்தத் தெரியாமையில்தான் தங்கியிருக்கிறது.

பிறவுணுக்கு அவளைப் பிடிக்கவில்லை. காணுவதற்கு முன்பே அவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவன் தீர்மானித்துவிட்டான்: குற்றக்கும்பல்காரனைக் கட்டியவள் வேறெப்படி இருப்பாள்? அவளும் அந்தத் தீர்மானத்துக்கு ஏற்றபடியே நடந்துகொள்கிறாள். வாய்த்துடுக்கு, அலட்சியம், இசைத்தட்டை உரக்க ஓடவிடுதல் என்று எரிச்சலூட்டுகிறாள். இதே ரயிலில் தன் சிறு மகனோடு பயணம் செய்யும் ஒரு கண்ணியமான பெண்ணும் வருகிறாள். பிறவுண் அவளோடு அன்பாகப் பேசுகிறான். அவன் பேசிய காரணத்தாலேயே கொலையாளிகளின் கண் அவள் மேலும் விழுகிறது.

கடைசியில் உண்மை வெளிவருகிறது. பிறவுண் இவ்வளவு நேரமும் காத்த பெண் சாட்சி அல்ல. அவள் ஒரு பொலிஸ்காரி. கொலையாளிகளைத் தன்பக்கம் இழுப்பதும், பிறவுண் காசுக்கு விலைபோவானா என்று சோதிப்பதும் அவளுடைய வேலை. குழந்தையோடு வந்தவளே உண்மையான சாட்சி. இது பிறவுணுக்குத் தெரியவரும்போது பொலிஸ்காரி செத்துக்கிடக்கிறாள்.

பழந்தமிழில் இத்தகைய உயிருக்கு ஒரு சொல் இருந்தது. காட்டு மான்களை வரவழைக்க வேட்டுவர் ஒரு மானைப் பழக்கிக் கட்டிவைப்பார்கள். அதற்குப் ‘பார்வை’ என்று பெயர். காட்டு மானுக்கு அது தன் இனம். வேட்டுவனுக்கு அது ஒரு கருவி. அந்த மானின் பக்கமிருந்து இந்த விடயத்தை யாரும் கேட்பதில்லை. படமும் கேட்கவில்லை. பொலிஸ்காரி இறந்தபின் அவளுக்காக ஒரு நிமிட மௌனம்கூட இல்லை. கதை உண்மையான சாட்சியின் பின்னால் ஓடிவிடுகிறது. பிறவுண் கொலையாளியை வெல்கிறான், ரயில் ஊர் போய்ச் சேருகிறது.

*

இங்கே ஒருவர் கேட்கலாம்: அவள் விரும்பி ஏற்ற வேலைதானே? பொலிஸ்காரி என்றால் ஆபத்து தெரிந்தே போனவள். தன் உயிரைத் தானே பணயம் வைக்க ஒருவருக்கு உரிமையில்லையா?

உரிமை இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று இமானுவேல் கான்ற் சொன்னதை இங்கு இழுத்துவந்து, அவளுடைய துணிச்சலை அவளிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. ஆனால் இதே திட்டத்தில் இன்னொருவனும் இருக்கிறான். போர்ப்ஸ். தான் காப்பது சாட்சியை என்று நம்பியே அவன் செத்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பொலிஸ்காரிக்கு இருந்த ஒப்புதலை அவனுக்கும் இருந்ததாக எண்ணிக்கொள்ள முடியாது. நியாயமான ஒரு காரியத்துக்காகச் சிலர் தெரிந்து உயிரைக் கொடுக்கிறார்கள். சிலரின் உயிர் அவர்களுக்குத் தெரியாமல் செலவழிக்கப்படுகிறது. வெற்றிக்குப் பின் இரண்டும் ஒரே கணக்கில் ‘தியாகம்’ என்று எழுதப்பட்டுவிடுகின்றன. இந்தக் கணக்கெழுதும் முறை எமக்குப் புதிதல்ல.

இன்னுமொரு விடயம் இதைவிட ஆழமானது. இந்தத் தந்திரம் ஏன் பலிக்கிறது? குற்றவாளியின் மனைவி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று கொலையாளிகள் நம்புகிறார்கள். காவல் செய்பவனும் அதையே நம்புகிறான். படம் பார்க்கிற நாமும் நம்புகிறோம். கொல்பவனுக்கும் காப்பவனுக்கும் பொதுவாக இருக்கும் ஓர் இளக்காரத்தின் மேலேயே முழுத் திட்டமும் கட்டப்பட்டிருக்கிறது. உண்மையான சாட்சி நல்ல தாயாகவும் மென்மையாகப் பேசுபவளாகவும் அமைந்ததால் நமக்கு ஆறுதலாகிறது. அவள் உண்மையிலேயே வாய்த்துடுக்கான, சுயநலமான பெண்ணாக இருந்திருந்தால்? அவளுடைய உயிர் விலை குறைந்துவிடுமா? சாட்சி நல்லவராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே, எந்த உயிரைக் காக்கலாம் எந்த உயிரைக் கைவிடலாம் என்று தரம்பிரிக்கத் தொடங்குவதுதான்.

நடைமுறையில் சாட்சிகள் பெரும்பாலும் நல்லவர்கள் அல்லர். நியூயோர்க்கின் ஏப் றெலெஸ் கூலிக்குக் கொலை செய்தவன். பிடிபட்டதும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தான். அவனுடைய வாக்குமூலத்தால் சிலர் மின்சார நாற்காலிக்குப் போனார்கள். அவனைக் கோனி ஐலண்ட் பகுதியிலிருந்த ஒரு ஹோட்டலில் பொலிசார் காவலில் வைத்திருந்தார்கள். 1941 நவம்பர் 12ம் திகதி அதிகாலை அவன் ஜன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தான். விழுந்தானா, தள்ளப்பட்டானா என்பது இன்றுவரை தீர்ந்த கேள்வியல்ல. வாசலில் பொலிசார் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். காவலே அச்சமாக மாறும்போது சாட்சி யாரிடம் ஓடுவது?

அமெரிக்காவில் 1970ல் வந்த சட்டத்தின் கீழ் சாட்சிகளைக் காப்பதற்கென்று தனி ஏற்பாடு உருவானது. மார்ஷல்கள் எனப்படும் கூட்டரசு அதிகாரிகள் அதை நடத்துகிறார்கள். இதுவரை 19,000க்கும் மேற்பட்ட சாட்சிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் அதன்மூலம் இடம்மாற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலான சாட்சிகள் தாமும் குற்றங்களில் கைநனைத்தவர்கள். புதிய பெயர், புதிய ஊர், புதிய பிறப்புப் பத்திரம். பழைய உறவுகளோடு சுதந்திரமாகத் தொடர்புகொள்ள முடியாது. பிள்ளைக்கு இனி வேறு பெயர் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். எங்கேயிருந்து வந்தீர்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்டால் பொய் சொல்லவேண்டும். இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு இது விளக்கம் தேவைப்படாத வாழ்க்கை. வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்திறங்கியவர்களும், அகதி விசாரணைக்காகப் பிறந்த திகதியை மனப்பாடம் செய்தவர்களும் இதன் கனத்தை அறிவார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. அரசு ஒருவரிடம் வாக்குமூலத்தைக் கேட்கிறது. அதற்கு ஈடாக அவருடைய மிச்ச வாழ்வுக்குப் பொறுப்பேற்கிறது. கேட்பவருக்குக் கடன் உண்டு என்பதாவது அங்கு ஒப்புக்கொள்ளப்படுகிறது.

*

எமது பக்கம் இந்தக் கடனை யார் ஏற்றார்கள்?

யாழ்ப்பாணத்தில் எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் பதிவுசெய்த ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர் அவர். 1994 மே 1ம் திகதி சபாலிங்கம் பாரிசில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடல்தாண்டி வந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அன்றோடு பலருக்குப் போயிற்று.

2006 ஜனவரி 2ம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரின் தந்தை வாய்மூடியிருக்க மறுத்தார். அச்சுறுத்தல்கள் வந்தன. குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு 2008ல் வெளிநாடுகளிலிருந்த சாட்சிகளை வீடியோ மூலம் விசாரிக்கத் தொடங்கியது. பின்னர் அதுவும் நிறுத்தப்பட்டது. 2019 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகளைப் பயமுறுத்தித் துரத்திவிட்டு, பிறகு சாட்சியம் போதாது என்று சொல்லும் ஒரு நீதிமுறைக்குக் கூலிக்கொலையாளிகளே தேவையில்லை. இலங்கையில் சாட்சிகளின் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது 2015ல்தான். 2023ல் அதற்குப் பதிலாக இன்னொரு சட்டம் வந்தது. 2015ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புப் பிரிவைப் பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே அமைத்தது. சீருடையைக் கண்டு பயப்படும் சாட்சியிடம் சீருடையையே காவலுக்கு அனுப்புவதுபோல.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய் தந்தையர் பலர். அவர்களுடைய பெயரும் முகமும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும்போது அவர்களுடைய படங்களும் சொற்களும் அங்கு போய்ச் சேருகின்றன. மண்டபத்துக்கு வெளியே கூடுபவர்களில் கணிசமானோர் பாதுகாப்பான நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. அந்தத் தாய்க்கோ, அவள் வாய்திறந்ததை அறிந்த புலனாய்வாளர் வந்துநிற்கும் அதே வாசல்தான்.

உண்மை வெளிவரவேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். விரும்பவேண்டும். சாட்சியம் இல்லாமல் நீதி இல்லை. அதை மறுக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் உண்மையை விரும்புகிறவருக்கும், அந்த உண்மையைச் சொல்லப் போகிற உடலுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. புகலிடத்தில் அந்தத் தூரம் பல ஆயிரம் மைல். தூரம் கூடக்கூட, சொல் மட்டும் நமக்குக் கேட்கிறது. சொல்பவர் தெரியாமல் போகிறார். அப்போது முன்னால் நிற்கும் தாய் நமது போராட்டத்தின் பார்வை மானாக மாறிவிடலாம். அவள் விரும்பியே வந்தாள் என்று சொல்லிக்கொள்வதும் எளிது. அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பது கடினம்.

ஆகவே சாட்சியத்தைக் கேட்கிற எவரும், அது அரசாக இருந்தாலும் ஐ.நா.வாக இருந்தாலும் புகலிட அமைப்பாக இருந்தாலும், முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கவேண்டும். இவர் பேசிய மறுநாள் இவரோடு யார் இருப்பார்கள்? பேசுவதால் என்ன நடக்கலாம் என்பது இவருக்கு முழுதாகச் சொல்லப்பட்டதா? இவர் பேச மறுத்தால் அதே மரியாதையோடு இவரை நடத்துவோமா? மூன்றாவதுதான் கடினமானது. எமது சூழலில் மௌனமாயிருப்பவரைக் கோழை என்றோ துரோகி என்றோ சொல்வதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை. மௌனம் சிலவேளை ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பதற்காகக் கொடுக்கப்படும் விலை. பேசாதிருக்கும் உரிமை இல்லாத இடத்தில் பேசுவதும் சுதந்திரமான செயலாகாது.

படத்தின் முடிவில் பிறவுணும் உண்மையான சாட்சியும் ரயில் நிலையத்திலிருந்து நீதிமன்றக் கட்டடத்தை நோக்கிப் பட்டப்பகலில், ஒளிக்காமல், தெருவில் நடந்து போகிறார்கள். துணிச்சலான முடிவு. பார்க்க நிறைவாகவும் இருக்கிறது. அந்தத் தெருவில் அவர்களால் நடக்க முடிந்ததற்கு வழியில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருத்தி தெரிந்து, ஒருவன் தெரியாமல். அவர்களுடைய பெயரை நீதிமன்றத்தில் யாராவது சொல்வார்களா என்று படம் காட்டவில்லை. எமது சாட்சிகள் ஒருநாள் ஒரு நீதிமன்றப் படியேறும்போது, வழியில் விழுந்தவர்கள் எல்லோருடைய பெயரும், அவர்கள் யாரால் விழுந்தாலும், அங்கே வாசிக்கப்படவேண்டும். அதற்கு அந்தப் பெயர்களை இப்போதே எழுதிவைத்திருக்க வேண்டும்.