கண்டவர் சொல்

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது வாலிகண்டபுரம். வாலி இங்கே சிவனைக் கண்டு வழிபட்டான் என்பது தலபுராணம். வாலீஸ்வரர் கோயிலுக்குள் நிற்கிற யாரும் அதை எப்படி நம்புவது என்று கேட்பதில்லை. கண்டவன் வாலி, மற்றவர்கள் எல்லோரும் கேட்டவர்கள். ஊர்ப் பெயரிலேயே அந்த ஏற்பாடு இருக்கிறது.

அதே வட்டாரத்தில், அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில், இன்னொரு ‘கண்ட’ கதை உண்டு. 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே ராட்சத எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். பின்னால் வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். உலகிலேயே மிகப்பெரிய டைனோசராக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

ஆனால் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவை சில கோட்டோவியங்கள்தான். எலும்புகளோ நொறுங்கும் தன்மையுடையவை, உதிர்ந்தே போய்விட்டன. 2017 வாக்கில் அவை இப்போது இல்லை என்ற செய்தி வெளிவந்தது. இதற்குள் சிலர், அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டிருந்தார்கள். வெளியூர்க்காரருக்கு இது குதர்க்கமாகப் படலாம். இந்த வட்டாரத்துக்காரருக்குப் படாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் வெட்டவெளியில் படுத்துக் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டது. மரம் கல்லாகிற மண் இது.

பொருள் போய்விட்டது, சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்?

இதற்கு அறிவியல் வைத்திருக்கும் வழிக்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர்; பேராசிரியர்கள் வாயில் பியர் ரிவ்யூ. கட்டுரை வந்ததும் இதழாசிரியர் அதே துறையில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். பெரும்பாலும் எழுதியவருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. கூலியும் கிடையாது. சொந்த வேலைக்கு நடுவே படித்து, ஏற்கலாம், திருத்தி வரட்டும், வேண்டாம் என்று எழுதி அனுப்புவார்கள். ஏதோ ஆதிகாலத்து வழக்கம் போலத் தோன்றும், அப்படியில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1665இல் தொடங்கியபோது ஆசிரியர் ஓல்டன்பர்க் தானே பார்த்து முடிவு செய்தார். எழுத்து மூலமான மதிப்பீடு அங்கே 1830களில்தான் வந்தது. ‘நேச்சர்’ இதழ் அதைக் கட்டாயமாக்கியது 1973இல். டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை வெளி மதிப்பீட்டாளர் யாரிடமும் போகாமலே அச்சேறியது.

மதிப்பீட்டாளர் என்ன பார்க்கிறார்? ஒரு கால் எலும்பின் படம், பக்கத்தில் அளவுகோல், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு. இந்த அளவு இந்த வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா, வேறு விலங்குகளோடு ஒப்பிட்டார்களா என்று கேட்பார். கல்லமேட்டுக்கு பஸ் ஏற மாட்டார்.

தமிழில் இந்தக் கேள்வி பழையது. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் முதலில் பேசுவதே அளவைகளைப் பற்றித்தான்: எதை வைத்து ஒன்றை உண்மை என்பது? அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவையில் தொடங்கி, காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் வந்து நிற்கிறது. பௌத்தர்கள் உரையைத் தனி அளவையாக ஏற்கவில்லை. சொன்னவர் நம்பத்தக்கவர், ஆகவே சொன்னது மெய் என்று நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான் என்றார்கள். நியாய நூலுக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன்தான் ஆப்தன் என்று வரையறுத்துவிட்டு, இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்கிறார். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்.

இந்தக் கணக்குப்படி மதிப்பீட்டாளர் செய்வது கருதல். காண்டல் எழுதியவருடையது. அச்சான பிறகு நமக்குக் கிடைப்பது உரை. முத்திரை குத்தியவர் கண்டவர் அல்ல என்பதைப் பத்திரிகைச் செய்திகள் மறந்துவிடுகின்றன.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டிகரில் சாட்சி உண்டு. பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி.ஜே. குப்தா இமயமலைப் புதைபடிவங்களைப் பற்றி, உலகெங்கும் பல இணையாசிரியர்களோடு, நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 1989இல் ஆஸ்திரேலியர் ஜான் டேலன்ட், அந்தப் படிவங்களில் பல மொராக்கோ போன்ற வெளிநாடுகளில் கிடைத்தவை என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். படிவங்கள் அசல்தான், சொன்ன ஊர்தான் பொய். மேசை முன் உட்கார்ந்து படிக்கும் எந்த மதிப்பீட்டாளரும் அதைப் பிடித்திருக்க முடியாது. சொல்ல விரும்புகிறவன் என்ற இடத்தில் ஆப்தன் தவறிவிட்டான்.

யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் அரியலூர்ப் பகுதியிலிருந்தே திராவிடோசாரஸ் என்ற முதுகுத்தட்டு டைனோசரை அறிவித்திருந்தார்கள். 1990களில் சங்கர் சாட்டர்ஜி, அது கடல்வாழ் ஊர்வனவான பிளீசியோசார் என்றார். அது ஆரோக்கியமான சண்டை, ஏனென்றால் எலும்பு கையில் இருக்கிறது. 2020இல் அதே வட்டாரத்துக் குன்னத்தில் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் பரப்பியது. நிபுணர்கள் வந்து பார்த்து, பழங்காலக் கடல்படிவில் உருவான கல்லுருண்டைகள் என்று முடித்துவைத்தார்கள். காண்டல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வழக்கு நீளாது.

கல்லமேட்டு வழக்கில் அந்த வசதி இல்லை. 2022இல் அய்யாசாமியே இன்னொருவரோடு சேர்ந்து, 1980களில் எடுத்து வெளியிடாமல் இருந்த புகைப்படங்களை அச்சிட்டார். எலும்புதான் என்று பலர் சமாதானமானார்கள். ஓவியம் இருந்த இடத்தில் புகைப்படம் வந்தது. அதுவும் உரைதான், கொஞ்சம் உறுதியான உரை. 2023இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். நடுவில் 60 டன் இடைவெளி. பத்து யானைகள் தாராளமாக நிற்கும்.