களை எண்டு சொல்லாதேயும்

இங்கிலாந்தில் புதிதாகக் காய்கறித் தோட்டம் போட நிலம் வாங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, இப்போதைக்கு எதையும் நடாதே, மூடிப் போடு என்பதுதான். பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் நிலம் கைக்கு வரும். முழங்காலுக்கு மேல் புல் நிற்கும். அதை வெட்டிவிட்டு, மேலே கறுப்பு பாலித்தீன் தாளை விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்து அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். தோண்ட வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், பறிக்க வேண்டாம். வசந்தத்தில் தாளைத் தூக்கினால் கீழே வெறும் மண் இருக்கும். அதுவரை அந்தப் பக்கமே பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் 'பார்க்க வேண்டியதில்லை' என்பதுதான் ஒரு வருஷமாக என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது.

நான் இருப்பது லீட்ஸில். இங்கே இந்த நிலங்களுக்கு அலாட்மென்ட் என்று பெயர். நகர சபைகள் மக்களுக்குத் தோட்ட நிலம் வாடகைக்குத் தர வேண்டும் என்று 1908இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். முழு நிலம் ஏறக்குறைய 250 சதுர மீட்டர். எனக்குக் கிடைத்தது பாதி. அதில் இருந்தவை: நம்மூர் அருகம்புல் மாதிரியே மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும் கவுச் புல், ஆழமாக ஆணிவேர் விடும் டாக், வேரில் ஒரு சின்னத் துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி முளைத்து எதிலும் சுற்றிக்கொள்ளும் பைண்ட்வீட் கொடி. எல்லாம் பல்லாண்டுத் தாவரங்கள். ஒரு தடவை வெட்டினால் போகிறவை அல்ல.

மூடுவது எப்படி வேலை செய்கிறது என்று பலரும் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடந்து பட்டினியால் செத்துவிடும் என்று ஒரு கற்பனை. உண்மையில் குளிர்காலத்தில் இந்த வேர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை தூங்குகின்றன. வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிசம்பரில் அவற்றுக்கு வேலை கிடையாது, செலவும் மிகக் குறைவு. சாவு வருவது மார்ச்சிலும் ஏப்ரலிலும். மண் கொஞ்சம் சூடேறியதும் வேர் விழித்துக்கொள்கிறது. கோடையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்துத் தளிர் விடுகிறது. மேலே வெளிச்சம் இல்லை. இன்னும் கொஞ்சம் நீண்டால் கிடைக்கும் என்று நீள்கிறது. பச்சையம் இல்லாமல், வெள்ளையாய், நூல் மாதிரி. சேமிப்பு தீரும்வரை நீள்கிறது. பிறகு அழுகுகிறது. அதாவது தாள் எதையும் கொல்வதில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்தச் செடி செய்கிற முயற்சியே அதைக் கொல்கிறது. பைண்ட்வீட்டின் சேமிப்பு பெரிசு, அதற்கு ஒரு குளிர்காலம் போதாது. ஒரு முழுக் கோடையாவது மூடிக் கிடக்க வேண்டும்.

இதே இருட்டை இதே ஊர்க்காரர்கள் இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே இருக்கிற பகுதிக்கு ரூபார்ப் முக்கோணம் என்று பெயர். ரூபார்ப் புளிப்பான ஒரு தண்டு, சர்க்கரை போட்டு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் செடியை இரண்டு வருஷம் வயலில் அறுக்காமல் விட்டு, வேரில் சத்துச் சேர வைத்து, உறைபனியும் பட வைத்து, பிறகு பிடுங்கிக் கொண்டுபோய் வெதுவெதுப்பான இருட்டுக் கொட்டகைக்குள் வைப்பார்கள். வேர் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித் தண்டு விடும். வெளிச்சத்தைத் தேடி நீளும். வெளிறி, மிருதுவாய் வரும் அந்தத் தண்டை மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுப்பார்கள். சத்தெல்லாம் தீர்ந்த வேரைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பே கொடுத்தது. கொட்டகைக்குள் நடப்பதும் என் தாளுக்கடியில் நடப்பதும் தாவரவியலில் ஏறக்குறைய ஒரே விஷயம். ஒன்றை விருந்து என்கிறோம், இன்னொன்றைக் களையொழிப்பு என்கிறோம்.

களை என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழில் அது பெயரும் வினையும் ஒன்றாகச் சேர்ந்த சொல். களைதல் என்றால் நீக்குதல். ஆக, ஒரு செடியைக் களை என்று சொல்லும்போது அந்தச் செடியைப் பற்றி நாம் எதுவுமே சொல்வதில்லை. நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் சொல்கிறோம். தீர்ப்பே பெயராகிவிடுகிறது. (முகத்தில் களை இருக்கிறது என்கிறோமே, அது வேறு களை, வடமொழியிலிருந்து வந்தது. ஒரே ஒலியில் இரண்டும் கிடப்பது சும்மா ஒரு வேடிக்கைதான்.) இங்கே ஃபேட் ஹென் என்று திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுகிற செடியை வடநாட்டில் பத்துவா என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். தமிழில் அதற்குச் சக்கரவர்த்திக் கீரை என்று பெயர்!

எனக்கு அடுத்த நிலம் ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவுடையது. எழுபதைத் தாண்டியவர், முப்பது வருஷத்துக்கும் மேலாக இங்கே இருக்கிறார். நான் தாளை விரித்துக்கொண்டிருந்த நாளில் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். "களை ரொம்ப ஜாஸ்தி ஐயா" என்றேன்.

"களை எண்டு சொல்லாதேயும் தம்பி. புல்லு எண்டு சொல்லும்."

சிரிப்போடு சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கட அண்ணரை அப்பிடித்தான் எழுதி ஒட்டினவங்கள். எண்பத்தாறிலை. எழுதினவனுக்கு அவர் ஆரெண்டே தெரியாது." அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு செங்கல் போதாது, காத்து தூக்கிப்போடும் என்று தன் கொட்டிலிலிருந்து நாலு கல் எடுத்துவந்து தந்தார்.

களையெடுப்பு என்ற சொல் ஈழத்து இயக்கங்களின் வரலாற்றில் என்னவாக இருந்தது என்பது கொஞ்சம் வாசித்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் நாங்கள் அதைக் கட்சிச் செய்தியில், அலுவலகத்தில் எல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். உவமைதானே, அதிலென்ன என்று கேட்கலாம். திருக்குறளிலேயே இருக்கிறதே என்றும் கேட்கலாம். ஆமாம், செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். கொலையில் கொடியவர்களை அரசன் தண்டிப்பது, பயிரைக் காக்கக் களை எடுப்பதைப் போன்றது என்கிறது.

அந்தக் குறளை இந்தக் குளிர்காலத்தில் பல தடவை யோசித்தேன். வள்ளுவர் ஒருவன் செய்த செயலிலிருந்து தொடங்குகிறார். அவன் கொலை செய்திருக்க வேண்டும். அப்போதுதான் உவமை வருகிறது. ஆனால் உவமையின் மறுபக்கத்தில் இருக்கிற புல் எதையும் செய்யவில்லை. அது அங்கே முளைத்தது, அவ்வளவுதான். இந்த இடத்தில் உவமை வழுக்குகிறது. குற்றவாளி களை மாதிரி என்று சொல்லப் பழகிய வாய்க்கு, களை மாதிரி இருப்பவனெல்லாம் குற்றவாளி என்று சொல்ல அதிக நாள் பிடிக்காது.

ஆனாலும் வள்ளுவர் காலத்துக் களையெடுப்பு கையால் நடந்தது என்பதை விட்டுவிடக் கூடாது. நெல் வயலில் குனிந்து களை பறிக்கிற பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒவ்வொரு செடியாகப் பார்த்துச் செய்கிற வேலை. எவ்வளவு கூர்மையான பார்வை என்றால், குதிரைவாலியின் உறவான ஒரு புல், தலைமுறை தலைமுறையாகக் கைக்களையெடுப்பில் தப்பித்துத் தப்பித்து, நெற்பயிரைப் போலவே தோற்றம் கொண்டுவிட்டது. நெல் போல இல்லாததெல்லாம் பிடுங்கப்பட்டது, கொஞ்சம் நெல் போல இருந்தது பிழைத்தது. அந்தக் கைகளுக்குத் தப்பும் நேரும், இரக்கமும் வரும். சில செடிகளை மடியில் கட்டிக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார்கள்.

என் கறுப்புத் தாளுக்கு இது எதுவும் இல்லை. கீழே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் திறமை.

இந்த ஊரிலேயே, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில், 1971 முதல் 1990 வரை சமூகவியல் பேராசிரியராக இருந்தவர் ஜிக்மன்ட் பௌமன், போலந்திலிருந்து வந்த யூதர். 1989இல் வந்த 'நவீனத்துவமும் ஹோலோகாஸ்ட்டும்' என்ற நூலில் நவீன அரசைத் தோட்டக்காரனாகப் பார்க்கிறார். தோட்டக்காரனுக்குக் களையின் மேல் கோபம் கிடையாது. அவன் மனசில் ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் இவர்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். கோபம் ஒருநாள் ஆறிவிடும். வரைபடம் ஆறாது. கொல்கிறவனுக்கும் கொல்லப்படுகிறவனுக்கும் நடுவே தூரம் கூடக் கூட மனசாட்சி வேலை செய்யாமல் போகிறது என்பதும் அந்த நூலில் முக்கியமான வாதம். ஆனால் தூரம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1994இல் ருவாண்டாவில் கொன்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கத்தியால் கொன்றார்கள், அதைப் புதர் வெட்டுகிற வேலை என்று சொல்லிக்கொண்டார்கள். மைலும் கடலும் இல்லாத இடத்தில் சொல்லே தாள் மாதிரி விரிகிறது.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இனிமே புல்லைப் பிடுங்க மாட்டியா? சமணனாயிடுவியா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது, தொடு உணர்வு மட்டும் உள்ளவை. அந்த ஓரறிவுக்கு என் தாள் என்ன செய்கிறது என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பவன் இல்லை நான். உருளைக்கிழங்கு வேண்டுமானால் கவுச் புல் போகத்தான் வேண்டும். மூடினேன், அடுத்த வருஷமும் மூடுவேன். ஐயாவே தன் நிலத்தில் பாதியை அட்டைப்பெட்டி விரித்துத்தான் மூடுகிறார். புல்லை மூடுவது அவருக்குப் பிரச்சினை இல்லை. புல்லுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயர் புல்லை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிப்பதுதான் பிரச்சினை. நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: செடிக்காக இல்லைடா, என் கண்ணுக்காக.

அதோடு, தாளால் முடியாத ஒன்றும் இருக்கிறது. இருட்டு வேரைத் தீர்க்கும், விதையைத் தீர்க்காது. பல விதைகள் வெளிச்சம் படும்வரை முளைக்காமலே காத்திருக்கும். அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் 20 புட்டிகளில் விதைகளை இட்டுப் புதைத்து வைத்தார். 2021இல் அதில் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்தார்கள். அவற்றில் 20 விதைகள் முளைத்தன.

ஏப்ரலில் பாதித் தாளை எடுத்தேன். வெள்ளை நூல்கள் பின்னிக் கிடந்தன, ஒரு தேரை உட்கார்ந்திருந்தது, மண் பொலபொலவென்று இருந்தது. பைண்ட்வீட் இருக்கிற மறுபாதியைத் தொடவில்லை. திறந்த பாதியில் உருளைக்கிழங்கு முளைப்பதற்கு முன்னாலேயே சக்கரவர்த்திக் கீரை முளைத்துவிட்டது. கிழங்குச் செடிக்கு இடைஞ்சலாய் இருந்ததையெல்லாம் பறித்து, பருப்போடு கடைந்து, ஐயாவுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். என்ன கீரை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

"சக்கரவர்த்தியோ?" என்றார். "உதுக்கு ஆர் வைச்ச பேர்?"